லோ கார்ப்ல பசியும் அளவும்: சேலத்துல என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டை பக்கம் சின்னதா ஒரு கொலுசுப் பட்டறை நம்மளுது. ரெண்டு வருசம் முன்னாடி 94 கிலோ இருந்தேன், சோறு மாதிரி மாவுச்சத்து (கார்ப்) சாப்பாட்ட கொறைக்கற லோ கார்ப்ல இப்ப 79. அதுல இருந்து காலைல காந்தி ஸ்டேடியத்துல கூட நடக்கற செட்டு, கொலுசு எடுக்க வர்ற யாவாரிங்க, மாமியார் வீட்டு சொந்தம்னு எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்கறாங்க, சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதால மொத்தமா எழுதி வெச்சிடறேன். நான் டாக்டர் இல்ல, டயட்டீஷியனும் இல்ல. எது கார்ப், எது கார்ப் இல்லன்னு லிஸ்ட் ஆயிரம் எடத்துல கெடைக்கும், அத இங்க எழுதல. எனக்கு தடுக்கி விட்டது லிஸ்ட் இல்லைங்க, அளவு. அதப் பத்திதான் இது.

லோ கார்ப் ஆரம்பிச்சா பசி தானா அடங்கிடும்னு சொல்றாங்களே, நெசமா?

பாதி நெசம். சோறு கொறையும்போது முட்டை, கறி, மீன், பன்னீர்னு புரதம் தட்டுல தானா கூடிடுது, புரதம் சாப்ட்டா சீக்கிரம் பசிக்காது, முக்கியமான காரணம் அதுதான். இன்னும் இறுக்கமா, ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள்ள மாவுச்சத்த வெச்சா ஈரல் கொழுப்புல இருந்து கீட்டோன் உண்டாக்க ஆரம்பிக்கும். சாதாரணமா எடை கொறைஞ்சா கிரெலின்ங்கற பசி ஹார்மோன் ஏறும், கீட்டோன் ஓடற உடம்புல அது அந்த அளவுக்கு ஏறலைன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. இந்த கிரெலின ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சதே 1999லதான்.

மீதி பாதிய யாரும் சொல்றதில்ல. 2021ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல 20 பேர உள்ளயே தங்க வெச்சு, ரெண்டு வாரம் கீட்டோ சாப்பாடு (அந்த கீட்டோன் ஓடற அளவுக்கு மாவுச்சத்த கொறைச்சது), ரெண்டு வாரம் கொழுப்பு கம்மியான காய்கறி தானிய சாப்பாடுன்னு மாத்தி மாத்தி குடுத்து, எவ்ளோ வேணுமோ சாப்பிடுங்கன்னு விட்டாங்க. கீட்டோ தட்டவிட மத்த தட்டுலதான் ஒரு நாளைக்கு 550ல இருந்து 700 கலோரி வரைக்கும் கம்மியா உள்ள போச்சு. பசியும் திருப்தியும் ரெண்டுலயும் ஒண்ணாத்தான் இருந்துச்சுன்னு சாப்ட்டவங்களே சொன்னாங்க. அதுக்கும் முன்னாடி 1995ல சிட்னில 38 விதமான உணவ ஒரே கலோரி அளவுல குடுத்து எது வயித்த நல்லா நெறைக்குதுன்னு பாத்தாங்க, வெள்ளை பிரெட்டுக்கு 100 மார்க்குன்னு வெச்சா மொதல்ல வந்தது அவிச்ச உருளைக்கெழங்கு, 323. நாம வில்லன்னு ஒதுக்கி வெச்ச அதே உருளைக்கெழங்கு! அதனால கார்ப் கொறைச்சா பசி போயிடும்னு ஒரே வரில சொல்றவங்கள நம்பாதீங்க. புரதம், நார், தண்ணி, மெல்லற நேரம் எல்லாம் சேந்துதான் வயிறு நெறையுது.

சுகர் மாத்திரை சாப்பிடறேன், நாளைக்கே ஆரம்பிக்கலாமா?

வேணாம். மொதல்ல டாக்டர பாருங்க, இதுல விளையாட்டு இல்ல. கிளிமிபிரைடு, கிளிகிளாசைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க சோத்த மட்டும் திடீர்னு நிறுத்தினா சுகர் ரொம்ப எறங்கி மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுத்துட்டு கீட்டோ இருந்தா, மீட்டர்ல சுகர் நார்மலா காட்டும்போதே ரத்தத்துல அமிலம் ஏறி ஆஸ்பத்திரில சேக்கற அளவுக்குப் போகலாம். பிரஷர் மாத்திரையும் அளவு மாத்த வேண்டி வரலாம். கர்ப்பிணிங்க, பால் குடுக்கறவங்க, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க எல்லாம் நான் எழுதினதப் படிச்சுட்டு எதுவும் பண்ணாதீங்க.

மூணாவது நாளு தலைவலி, எரிச்சல், கை நடுக்கம், எதப் பாத்தாலும் திங்கணும் போல இருக்கு. நிறுத்திடட்டுமா?

அது முக்கால்வாசி பசி இல்ல, உப்பும் தண்ணியும். உடம்புல சேத்து வெச்சிருக்கற சக்கரை இருப்பு, கிளைகோஜன்பாங்க, அது ஒவ்வொரு கிராமும் கூட சுமார் 3 கிராம் தண்ணிய புடிச்சு வெச்சிருக்கும், கார்ப் கொறைஞ்சதும் அது கரைஞ்சு தண்ணி வெளிய போகும், இன்சுலின் எறங்கறதால கிட்னி உப்பையும் சேத்து வெளிய தள்ளும். மொத வாரம் ரெண்டு மூணு கிலோ கொறைஞ்சுதுன்னு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வெக்கறோமே அதுல பெரும்பகுதி இந்த தண்ணிதான். பிரஷர், கிட்னி தொல்லை இல்லாதவங்க ஒரு டம்ளர் எலுமிச்சம் தண்ணில உப்பு போட்டு குடிங்க, இல்ல எலும்பு ரசம் வைங்க. நான் பட்டறைல உப்புப் போட்ட நீர்மோர் ஒரு சொம்பு வெச்சுக்குவேன். ஒரு வாரம் பத்து நாள்ல சரியாயிடும். கை நடுக்கத்தோட வேர்த்துக் கொட்டினாலோ, அப்பவும் சரியாகலைன்னாலோ டாக்டர்கிட்ட போங்க.

வேர்க்கடலைல கார்ப் கம்மிதானே, எவ்ளோ வேணாலும் சாப்பிடலாம்ல?

இதுலதான் நான் நாலு மாசம் ஏமாந்தேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

பட்டறைல என் மேசை மேல ஒரு தூக்குல வறுத்த கடலை இருக்கும். சோறு இல்ல, சப்பாத்தி இல்ல, பசிச்சா கடலைதான், கார்ப் கம்மின்னு தெம்பா சாப்ட்டுட்டு இருந்தேன். 86 கிலோல எடை நின்னுடுச்சு, எறங்கவே மாட்டேங்குது. ஒரு நாள் சாயங்காலம் சும்மா வெளையாட்டுக்கு, கொலுசு எடை போடற எலக்ட்ரானிக் தராசுல ஒரு தாள விரிச்சு, நான் வழக்கமா ஒரு தடவைக்கு அள்ளற கடலைய கொட்டிப் பாத்தேன். 46 கிராம். ஒரு நாளைக்கு எத்தன தடவ அள்றேன்னு பட்டறைல வேலை செய்யற பையன்கிட்ட கேட்டேன், அவன் சிரிச்சுகிட்டே "அண்ணா, நீங்க போன் பேசும்போதெல்லாம் கை உள்ள போகுது"ன்னான். மறுநாள் காலைலயே கடலைத் தூக்குவாளிய எடை போட்டு வெச்சு, ராத்திரி மறுபடி எடை போட்டேன். 184 கிராம் காலி. வெள்ளி 1 கிராம் கொறைஞ்சா பட்டறைய தலைகீழா பொரட்டித் தேடற ஆளு நானு, இங்க 184 கிராம் போனது தெரியல.

கணக்கு என்னன்னா, 100 கிராம் வேர்க்கடலைல கிட்டத்தட்ட 570 கலோரி. 184 கிராம்னா ஆயிரத்தத் தாண்டுது. 100 கிராம் வெந்த சோத்துல 130 கலோரிதான், அப்ப நான் முக்கால் கிலோவுக்கு மேல சோறு சாப்ட்ட மாதிரி, அதுவும் சாப்ட்டதாவே கணக்குல இல்லாம. கார்ப் கணக்குல பாஸ், எடை கணக்குல ஃபெயில். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவும் புரதமும் 4, இந்த வித்தியாசம் லோ கார்ப்ல இருக்கறவங்களுக்குத்தான் ரொம்ப முக்கியம், ஏன்னா நம்ம தட்டுல நெய், தேங்கா, கடலை, சீஸ் எல்லாம் அனுமதி வாங்கிட்டு உள்ள வருது.

இப்ப என்ன பண்றேன்னா காலைலயே 30 கிராம் எடை போட்டு சின்ன டப்பால போட்டுக்கறேன், அவ்ளோதான் அன்னைக்கு. முடிஞ்சா தோலோட அவிச்ச கடலை வாங்குங்க, உரிச்சு உரிச்சு திங்கறதுக்குள்ள கை சலிச்சுடும்.

அப்ப தினமும் எல்லாத்தையும் எடை போடணுமா?

தேவையில்ல. ஒரே ஒரு வாரம் போடுங்க, உங்க வீட்டுக் கரண்டி எவ்ளோ புடிக்குதுன்னு தெரிஞ்சா போதும். எங்க வீட்டு அன்னக்கரண்டி தலை தட்டினா 100 கிராம் சோறு, 28 கிராம் மாவுச்சத்து. குமிச்சா 140. எங்க வீட்ல வெக்கறது எப்பவும் குமிச்சுத்தான். அதுக்கப்புறம் கரண்டி எண்ணிக்கை மட்டும் ஞாபகம் வெச்சா போதும்.

இதுல நம்ம சாப்பாட்டு முறைலயே ஒரு சூட்சுமம் இருக்கு. சாம்பாருக்கு ஒரு ரவுண்டு, ரசத்துக்கு ஒரு ரவுண்டு, மோருக்கு ஒரு ரவுண்டு. சாம்பார்லயே வயிறு நெறைஞ்சிருக்கும், ஆனா ரசம் வாசம் வந்ததும் வாய் மறுபடி தொறக்குது. ஒரே ருசி சீக்கிரம் தெகட்டும், புது ருசி வந்தா புதுசா எடம் கெடைக்கும், இது 1981லயே ஆராய்ச்சி பண்ணி எழுதின விசயம்தான். அதனால ரவுண்ட நான் விடல, சோத்த மட்டும் விட்டேன். ரெண்டாவது ரவுண்டு ரசம் டம்ளர்ல, மூணாவது மோரும் டம்ளர்ல. சொல்லப்போனா இது ஒண்ணுதான் நான் பண்ணதுலயே ரொம்ப சுலபமா இருந்துச்சு.

சோறு இல்லன்னா சாப்ட்ட மாதிரியே இல்லைங்க. என்ன பண்றது?

புரியுது. "சாப்ட்டீங்களா"ன்னு கேட்டாலே நம்மூர்ல சோறுன்னுதானே அர்த்தம். சோத்தோட எடத்துல வேற ஒண்ண கும்பலா வைங்க, தட்டு காலியா தெரியக்கூடாது. முட்டகோஸ பொடிசா அரிஞ்சு கடுகு, தேங்கா போட்டு பாதி வேக்காட்டுல எறக்கினா ரெண்டு கை அளவு வரும், அது மேல கறிக்கொழம்பு ஊத்தி பெசைஞ்சு சாப்ட்டுப் பாருங்க. மொத நாலு நாள் எங்க வீட்ல "ஏங்க, இது ஆட்டுக்கு வெக்கற மாதிரி இருக்கு"ன்னு சிரிச்சாங்க, இப்ப அவங்களே கேக்கறாங்க. பள்ளிபாளையம் சிக்கன் நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, சின்ன வெங்காயம், வரமிளகா, தேங்கா பல்லு, கோழி, வேற மாவு எதுவும் இல்ல. தேங்கா பல்ல மட்டும் எண்ணிப் போடுங்க.

முழுசா விட முடியலையா, வரிசைய மாத்துங்க. மொதல்ல பொரியல், அப்புறம் முட்டையோ கறியோ, கடைசில ஒரு கரண்டி சோறு. காயும் புரதமும் முன்னாடி போனா சாப்பாட்டுக்கு அப்புறம் சுகர் ஏர்றது கம்மியாகுதுன்னு பாத்திருக்காங்க, எனக்கு கெடைச்ச லாபம் என்னன்னா கடைசி கரண்டிக்கு வர்றதுக்குள்ள அதுல ஆசையே பாதி போயிடுது. ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2024 வழிகாட்டிலயே மொத்த கலோரில தானியமும் சிறுதானியமும் சேந்து 45 சதவீதத்துக்கு மேல போக வேணாம்னுதான் சொல்லியிருக்காங்க, எல்லாரும் கீட்டோவுக்குப் போகணும்னு அவசியம் இல்ல.

ராகி களி, கம்பஞ்சோறு எல்லாம் சிறுதானியம்தானே, அதுல கார்ப் இல்லல்ல?

இருக்கு. 100 கிராம் ராகி மாவுல மாவுச்சத்து மட்டும் 65 கிராமுக்கு மேல. அரிசிய விட நாரும் கால்சியமும் கூட, நல்ல சாப்பாடு, ஆனா லோ கார்ப் இல்ல. அதுவும் களிய நாம மெல்லவா செய்யறோம், கொழம்புல தொட்டு முழுங்கறோம். முழுங்கற சாப்பாட்டுல அளவு தெரியாது.

ஜவ்வரிசி?

நம்ம ஊரு பொழப்பே அதுதான், 1981ல ஆரம்பிச்ச சேகோசர்வ்ங்கற ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம் இன்னைக்கும் இங்க இருக்கு, மரவள்ளிக் காட்ட நம்பி எத்தனையோ குடும்பம். ஆனா அது கிட்டத்தட்ட சுத்த ஸ்டார்ச், 100 கிராம்ல 85க்கு மேல மாவுச்சத்து, புரதம் ஒரு கிராம் கூட தேறாது. ஜவ்வரிசி வடாம் ரெண்டு எடுத்துக்கறேன், பாயாசம் பக்கம் போறதில்ல.

சாயங்காலம் தட்டுவடை செட் கடைய தாண்டிப் போகவே முடியல அண்ணா!

தம்பி, யாரால முடியுது. அந்தச் சின்னத் தட்டுவடை மேல செவப்பு சட்னி ஒரு தடவு, பச்ச சட்னி ஒரு தடவு, பீட்ரூட்டு கேரட்டு துருவல், வெங்காயம், மேல இன்னொரு தட்டுவடைய வெச்சு அழுத்தும்போது நறுக்குனு ஒரு சத்தம் வருமே, அந்த சத்தத்துக்கே நான் வண்டிய ஓரம் கட்டியிருக்கேன்.

நடுவுல இருக்கறதெல்லாம் நல்லதுதான், மேலயும் கீழயும் இருக்கற அரிசி மாவு எண்ணெய்ல பொரிச்சதுதான் பிரச்சனை. நான் ரெண்டு வழி வெச்சிருக்கேன். ஒண்ணு, நாலரை மணிக்கே பட்டறைல ரெண்டு அவிச்ச முட்டை மிளகு போட்டு சாப்ட்டுடுவேன், ஆறு மணிக்கு கடை வழியா போகும்போது வயிறு கத்தாது, வாய் மட்டும்தான் கேக்கும், வாய சமாளிக்கலாம். ரெண்டு, சனிக்கெழம மட்டும் ஒரு பிளேட்டு, நின்னு சாப்பிடறது, பார்சல் கிடையாது. பார்சல் வாங்கினா வீட்ல எல்லாரும் வெச்ச மிச்சமும் எனக்குத்தான் வரும். தட்டுவடைய ஒடைச்சுப் போட்டு கலக்கற நொறுக்கல் வேணாம், அதுல எத்தன தட்டுவடை ஒடைஞ்சிருக்குன்னு எண்ணவே முடியாது.

நெசமான பசியா, வாய்ப் பசியான்னு எப்படி கண்டுபிடிக்கறது?

முட்டை டெஸ்ட். இப்ப யாராவது உப்பில்லாத அவிச்ச முட்டை ரெண்டு நீட்டினா சாப்பிடுவீங்களா? சாப்பிடுவேன்னா பசி, போய் சாப்பிடுங்க, அடக்காதீங்க. "முட்டை வேணாம், முறுக்கு இருந்தா பரவால்ல"ன்னு தோணினா அது பசி இல்ல. சைவம்னா முட்டைக்கு பதிலா உப்பில்லாத பன்னீர்.

இன்னொண்ணு, மறுசோறு கேக்கறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் தள்ளுங்க. வயிறு நெறைஞ்ச சேதி மூளைக்குப் போக 15, 20 நிமிசம் ஆகும்பாங்க, நான் எட்டு நிமிசத்துல சாப்ட்டு முடிக்கற ஆளு, எப்படி தெரியும்?

மாம்பழ சீசன்ல?

சேலத்துல பொறந்துட்டு மே மாசம் மாம்பழம் வேணாம்னு சொன்னா ஊர விட்டு தள்ளி வெச்சிடுவாங்க. 100 கிராம் சதைல சுமார் 15 கிராம் கார்ப். ஒரு இமாம் பசந்துல ஒரு கன்னம் மட்டும் சீவி, சாப்பாடு முடிஞ்ச உடனே, அன்னைக்கு சோறு கிடையாது. கொட்டைய சூப்பற உரிமை எங்க வீட்ல பையனுக்கு. ஜூஸ் மட்டும் வேணவே வேணாம், ரெண்டு பழம் ஒரு டம்ளர்ல அடங்கிடும்.

ஏற்காடு போனா கட்டுப்பாடு எல்லாம் காத்துல போயிடுதே?

20 கொண்டை ஊசி வளைவும் ஏறி 1,500 மீட்டர் ஒசரத்துல எறங்கினதும் குளுரு, எண்ணெய்ச் சட்டி வாசம், ஏரிக்கரைல மொளகா பஜ்ஜி. போன மே மாசம் மச்சான் குடும்பத்தோட போனப்ப "ஒண்ணே ஒண்ணு"ன்னு ஆரம்பிச்சு ஆறு ஆச்சு, ஒவ்வொருத்தர் பொட்டலத்துல இருந்தும் ஒண்ணு ஒண்ணா எடுத்ததால ஆறுன்னே தெரியல. அடுத்த தடவ எனக்குன்னு தனியா ரெண்டு பஜ்ஜி என் தாள்ல வாங்கிட்டேன், மத்தவங்க பொட்டலத்துல கை வெக்கல.

மலைல நமக்குன்னே ஒண்ணு வெளையுது, பட்டர் ஃப்ரூட். 100 கிராம்ல மாவுச்சத்து 8, 9 கிராம், அதுலயும் பெரும்பகுதி நார். ஆனா 160 கலோரி, பெரிய பழமா இருந்தா ஒண்ணே 400 தாண்டும், அதனால பாதி. சக்கரையும் பாலும் போட்டு அடிக்காதீங்க, கரண்டில தோண்டி உப்பும் மலை மிளகும் தூவி எலுமிச்சை புழிஞ்சு சாப்பிடுங்க. எங்க ஆயாவுக்கு குடுத்தேன், "சோப்பு மாதிரி இருக்கு சாமி"ன்னு திருப்பி குடுத்துட்டாங்க.

விசேஷ வீட்டுப் பந்தில வேணாம்னா கோவிச்சுக்கறாங்க.

வேணாம்னு சொல்லாதீங்க, அதுதான் சண்டை. பந்தில எலை காலியா இருந்தாத்தான் வெப்பாங்க. அதனால பொரியல், கூட்டு, அவியல ரெண்டாவது தடவ நீங்களா கேட்டு வாங்குங்க, சோத்த ஒரு கரண்டி வாங்கி ஓரமா வைங்க, எலை நெறைஞ்சிருக்கும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. மாமியார் வீட்ல "மாப்பிள்ளை ஒண்ணுமே சாப்பிடல"ங்கற பேச்சு நின்னதே இந்த வழிலதான். மருந்து கட்டுப்பாடுன்னு பொய் சொல்லாதீங்க, அடுத்த நாள் ஊரே நலம் விசாரிக்கும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல பசி வருதே?

எத்தன மணிக்கு தூங்கறீங்க? தூக்கம் கெட்டா கிரெலின் ஏறும், போதும்னு சொல்ற லெப்டின் எறங்கும். தீபாவளி ஆர்டர் நேரத்துல பட்டறைல ஒரு மணி வரைக்கும் உக்காந்த வாரமெல்லாம் மறுநாள் நான் தின்ன அளவு எனக்கே வெக்கம். ராத்திரி சாப்பாட்டுல புரதம் கம்மியா இருந்தாலும் வரும். கீரைய மட்டும் சாப்ட்டு படுத்தா பத்து மணிக்கு பசிக்காம என்ன பண்ணும்.

சைவத்துல முடியுமா?

முடியும், கொஞ்சம் கஷ்டம். பன்னீர், தயிர், சோயா, டோஃபு. பருப்பும் கொள்ளும் புரதத்தோட மாவையும் கூட்டிட்டு வரும், ஒரு கிண்ணம் கெட்டியா வைங்க, சோத்துக்கு ஊத்திக்கறதா இல்லாம அதுவே சாப்பாடா.

லோ கார்ப்தான் ஒசத்தியா, கொழுப்ப கொறைக்கற லோ ஃபேட் ஒசத்தியா?

2018ல ஸ்டான்ஃபோர்டுல 609 பேர ஒரு வருசம் பாத்தாங்க, லோ ஃபேட்ல சராசரி 5.3 கிலோ, லோ கார்ப்ல 6.0 கிலோ கொறைஞ்சுது, பெரிய வித்தியாசம் இல்லன்னு முடிச்சாங்க. உங்களுக்கு எதுல பசி தாங்குதோ அது. எனக்கு இதுல தாங்குது.

ஒரு நாள் முழுக்க நீங்க என்னதான் சாப்பிடறீங்க?

காலைல நடந்துட்டு வந்து சக்கரை இல்லாத காபி. ஒம்போது மணிக்கு மூணு முட்டை, வெங்காயம் நெறைய போட்டு, தொட்டுக்க தேங்கா சட்னி ரெண்டு ஸ்பூன், கிண்ணத்துல இல்ல. மதியம் கோஸோ சொரக்காயோ தட்டு நெறைய, கோழியோ மேட்டூர் மீனோ ரெண்டு துண்டு, ஒரு கரண்டி சோறு தலை தட்டி, டம்ளர்ல ரசம், டம்ளர்ல மோர். நாலரைக்கு முட்டை, பகல்ல அந்த 30 கிராம் கடலை. ராத்திரி எட்டு மணிக்கு பன்னீர் வதக்கி கீரை கடைஞ்சு, சில நாள் ஒரே ஒரு தோசை. மத்த எல்லாரும் வழக்கம்போல இட்லியும் சோறும்தான், வளர்ற பையனுக்கு ஏன் குறைக்கணும். வீட்டு முறுக்கு டப்பாவ மட்டும் அலமாரி உச்சில ஏத்தி வெச்சிருக்காங்க. எங்க இருக்குன்னு எனக்கு நல்லா தெரியும், எடுக்கணும்னா ஸ்டூல் போடணும், ஸ்டூல் கொல்லைல இருக்கு, கொண்டு வந்தா சத்தம் கேக்கும்.